பிள்ளை பிறந்த பின் மலையா, வீடா?



இந்த முறை நமது குடும்பப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஒரு தாய்க்குப் பிள்ளை பிறந்து பத்துக் கிழமை ஆகிவிட்டது. பிரசவ லீவும் முடிகிறது. வருகிற திங்கட்கிழமை அவர் பெரட்டுக்குப் போவதா, வீட்டில் நிற்பதா? இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் ஒரு நாள் வந்திருக்கும். அன்றைக்குப் பதில் சொன்னது யார்?

தாய்மார் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பார்த்தோம். முதலில் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "எங்க மாமி போன்னாங்க மிஸ், போனேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "எங்க வீட்டுல அவருதான், போகக் கூடாதுன்னுட்டாரு" என்றார். வயதான ஒரு அம்மா, "யாரு சொல்றது? அரிசி டின்னைத் தொறந்து பார்த்தேன், அதுதான் சொல்லிச்சு" என்றதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கடைசியாக, மூலையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்த ஒரு தங்கச்சி சொன்னார்: "யாரும் ஒன்னும் சொல்லல மிஸ். ஒரு நாள் புள்ளைக்குக் காய்ச்சல், போகல. மறுநாளும் போகல. அப்புறம் அப்படியே நின்னுட்டேன்."

அந்தக் கடைசிப் பதிலுக்காகத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். போவதும் ஒரு முடிவு, நிற்பதும் ஒரு முடிவு. ஆனால் முடிவே எடுக்காமல் 'அப்படியே நின்று விடுவது' இருக்கிறதே, அதில்தான் நமது பெண்கள் அதிகமாக இழக்கிறார்கள். எல்லாத் தாய்மாரும் மலைக்குப் போக வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எல்லாரும் வீட்டில் இருந்து பிள்ளை பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து, வீட்டில் பேசி, அந்தத் தாயும் வாய் திறந்து முடிவு எடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

நமது பாட்டிமாருக்கு இந்தக் கேள்வியே இருக்கவில்லை. பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் ஏணை கட்டிப் போட்டுவிட்டு கூடையைத் தூக்க வேண்டியதுதான். அவர்கள் ஒரு நாள் பேருக்கு வாங்கியது ஆண்களின் சம்பளத்தை விடக் குறைவு. 1984ஆம் ஆண்டில்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதற்கு முன் கொழுந்து எடுத்த அம்மாமார் இன்றைக்கும் நமது லயங்களில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். இப்போது காலம் மாறியிருக்கிறது. கணவன் டவுனில் கடையிலோ கொழும்பிலோ வேலை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. மரக்கறித் தோட்டத்தில் இரண்டு காசு பார்க்கிற குடும்பங்களும் இருக்கின்றன. ஆகவே 'நான் வீட்டில் நிற்கிறேன்' என்று சொல்ல இடம் உண்டு. இடம் இருக்கிற படியால்தான் கணக்கும் தேவைப்படுகிறது.

கையில் வருவதும் கண்ணுக்குத் தெரியாமல் வருவதும்

வீட்டில் பேசும்போது பொதுவாக ஒரு கணக்குத்தான் பார்ப்பார்கள். "நீ போனா மாசம் இவ்வளவு வரும், பிடிப்பெல்லாம் போக மிச்சம் என்னா இருக்கு? அதுக்குப் புள்ளைய யாருகிட்டயாவது விடணுமா?" என்பார்கள். இந்தக் கணக்குப் பிழை இல்லை. ஆனால் அரைவாசிக் கணக்கு.

கணக்கு லேசாக இருக்க, ஒரு நாள் பேருக்கு 1000 ரூபாய், மாதம் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உண்மையான சம்பளத்தைப் பிறகு நீங்களே போட்டுப் பார்க்கலாம். மாதம் 20,000 ரூபாய். இதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், அதாவது 1600 ரூபாய் உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் 'பிடிப்பு, பிடிப்பு' என்று நாம் குறைப்படுகிறோம். ஆனால் அதே நேரம் தோட்டம் தன் பங்காக நூற்றுக்கு 12 வீதம், அதாவது 2400 ரூபாய் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், 600 ரூபாய். இந்த 3000 ரூபாய் உங்கள் சம்பளத்தில் இருந்து எடுப்பது அல்ல. தோட்டம் மேலதிகமாகத் தருவது. வருடத்திற்கு 36,000 ரூபாய்.

இன்னொன்றும் இருக்கிறது. நமது ஆட்கள் 'சர்வீஸ் காசு' என்று சொல்கிற பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் முழுசாக வேலை செய்தவருக்கு, அவர் வேலையை விடும்போது, செய்த ஒவ்வொரு வருடத்திற்கும் 14 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. நமது கணக்கில் வருடத்திற்கு 14,000 ரூபாய்.

36,000மும் 14,000மும் கூட்டினால் 50,000 ரூபாய். ஒரு தாய் ஒரு வருடம் வீட்டில் நின்றால், கைச்சம்பளத்தோடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத இந்த 50,000மும் நிற்கிறது. மூன்று வருடம் என்றால் ஒன்றரை இலட்சம். அவருடைய சொந்தப் பிடிப்புக் காசு இதில் சேரவில்லை. இதையும் மாமியிடம் சொல்லுங்கள், அவருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது அடுத்த பக்கத்தையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாங்களும் அரைவாசிக் கணக்குத்தான் பார்த்தவர்கள் ஆவோம். தாய் மலைக்குப் போனால் பால்மா வாங்க வேண்டி வரும். ஒரு பெட்டி என்ன விலை என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியது இல்லை. மாலையில் களைத்து வந்து அடுப்பு மூட்ட முடியாமல் கடை ரொட்டி வாங்குகிற நாட்கள் கூடும். பிள்ளைக்கு வருத்தம் வந்தால் எப்படியும் பேர் முறியும். வீட்டில் நிற்கிற தாய் சும்மா நிற்பதும் இல்லை. பீலித் தண்ணீர், விறகு, துணி, சமையல், கிழவன் கிழவிக்கு மருந்து, லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போஞ்சி, எல்லாம் வேலைதான். அதற்குச் செக்ரோலில் பேர் விழுவதில்லை, அவ்வளவுதான். "பொம்பள வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று சொல்கிற ஆண்கள் ஒரு கிழமை அந்தப் பீலியில் வரிசையில் நின்று பார்க்கலாம்.

பத்துக் கிழமைக்கும் ஆறு மாதத்திற்கும் நடுவில்

காசுக் கணக்கை முதலில் எழுதிவிட்டோம். ஆனால் உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் எடை அட்டையை. இதை நாங்கள் பிழை விட்டுத்தான் படித்தோம்.

பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், கடையில் கடன் நிறைய. பிள்ளை பிறந்து மூன்று மாதம்கூட இல்லை. அந்தத் தாய் நிற்பதா போவதா என்று கேட்டார். நாங்கள் மேலே எழுதிய கணக்கை எல்லாம் அழகாகப் போட்டுக் காட்டி, "போங்கம்மா, பிள்ளைக்காம்பிராவில் விடலாம்" என்று சொல்லிவிட்டோம். பிள்ளை எத்தனை கிலோவில் பிறந்தது என்று கேட்கவில்லை. அது 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளை. இரண்டு மாதத்தில் அட்டையில் எடைக்கோடு ஏறாமல் படுத்துவிட்டது. மருத்துவ மாது அம்மா எங்களைத் தேடி வந்து, "நீங்க காசுக் கணக்கு மட்டும்தான் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது. தாய் வேலையை நிறுத்தி வீட்டில் நின்றார். கோடு மெதுவாக ஏறியது. கடையில் கடனும் ஏறியதுதான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடனைப் பிறகு அடைக்க முடிந்தது.

இந்தச் சிக்கல் ஏன் வருகிறது என்றால், லீவும் பிள்ளையின் வயிறும் ஒத்துப் போகவில்லை. தோட்டத்துப் பெண்களுக்கு உரிய மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டில் வந்தது. முன்பு மூன்றாவது பிள்ளையில் இருந்து லீவு அரைவாசியாகக் குறைந்தது. 2018ஆம் ஆண்டில் திருத்தி, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 கிழமை என்று ஆக்கினார்கள். பிரசவத்துக்கு முன் 2 கிழமை, பின் 10 கிழமை. அதற்குச் சம்பளமும் உண்டு. (பணம் கிடைக்க, முந்திய ஒரு வருடத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். மாசமாக இருக்கும்போதே உங்கள் பேரை எண்ணிக்கொள்ளுங்கள்.) ஆனால் பிள்ளைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். லீவு இரண்டரை மாதத்தில் முடிகிறது. நடுவில் மூன்றரை மாதம். மலையா வீடா என்ற கேள்வியில் ஆகக் கஷ்டமான காலம் இந்த மூன்றரை மாதம்தான். ஆறு மாதம் தாண்டி, பிள்ளை தாய்ப்பாலோடு சோறு, பருப்பு, மரக்கறி பிசைந்து தின்னத் தொடங்கிவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

இந்த மூன்றரை மாதத்தைத் தாண்டச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. நமது தாய்மாரில் நிறையப் பேருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு, வேலை நாளில் இரண்டு முறை பால் கொடுக்க நேரம் விட வேண்டும். பிள்ளைக்காம்பிரா இருக்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், இல்லாத இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலம். பகல் சாப்பாட்டு நேரத்தில் இதைக் கழிக்கக் கூடாது. அது வேறு, இது வேறு.

"முப்பது நிமிசம் மலையில இருந்து எறங்கவே பத்தாது மிஸ்" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. உண்மைதான். பத்தாம் நம்பர் மலையில் நிற்கிற தாய் இறங்கி ஏறுவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆகவே பால் கொடுக்கிற தாய்மாரைப் பிள்ளைக்காம்பிராவுக்குக் கிட்டிய மலையில் போடும்படி கணக்கப்பிள்ளையிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் சங்கத் தலைவரைக் கூட்டிப் போங்கள், எங்களையும் கூப்பிடுங்கள். கேட்டுச் செய்து கொடுத்த இடங்களைப் பார்த்திருக்கிறோம். நிறுவைக்கு இறங்குகிற நேரத்தோடு சேர்த்து வைத்தால் கங்காணிக்கும் இடைஞ்சல் இல்லை.

பாலைப் பீச்சி வைத்துவிட்டுப் போகலாம். சுத்தமான கையால், கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள கோப்பையில் பீச்சி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் நாலு மணித்தியாலத்திற்குள் கொடுக்கலாம். கோப்பை, கரண்டியால் கொடுக்கச் சொல்லுங்கள். சூப்பிப் போத்தல் வேண்டாம். அதைக் கழுவுவதும் கஷ்டம், அதில் பழகிய பிள்ளை மார்பை மறந்துவிடும்.

மூத்த பிள்ளை ஆயம்மா இல்லை

யாரிடம் விடுவது என்பதுதான் அடுத்தது. பாட்டி இருந்தால் நல்லது. பிள்ளைக்காம்பிராவை இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறோம். பெயரை மாற்றினால் போதாது, போய்ப் பாருங்கள். வேலைக்குத் திரும்புவதற்கு ஒரு கிழமை முன்பே பிள்ளையையும் கொண்டு போய் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். தண்ணீர் கொதிக்க வைக்கிறார்களா, ஆயம்மா எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார், தொட்டில் துணி எப்படி இருக்கிறது என்று பார்ப்பது தாயின் உரிமை. குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். எங்களைத் திட்டினாலும் பரவாயில்லை.

ஆனால் பல வீடுகளில் பாட்டியும் இல்லை, நிலையத்திலும் விடுவதில்லை. பதினோரு, பன்னிரண்டு வயது மூத்த பெண் பிள்ளைதான் நிற்கிறது. "ரெண்டு மூணு மாசம்தான் மிஸ், அப்புறம் ஸ்கூலுக்கு அனுப்பிடுவேன்" என்பார்கள். அந்த இரண்டு மூன்று மாதத்தில் ஒரு தவணை போய்விடும். கணக்கில் பின்தங்கிய பிள்ளை வகுப்பில் கடைசி வாங்கில் உட்காரும், பிறகு தானாகவே வர மாட்டேன் என்று சொல்லும். நமது நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயம். சட்டத்தை விடுங்கள். தாய் மலைக்குப் போக மகள் வீட்டில் நிற்பதென்றால், அங்கே வேலைக்குப் போனது தாய் மட்டும் இல்லை. மகளும் சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போய்விட்டாள். வேறு வழியே இல்லை என்றால், தாய் சில மாதம் வீட்டில் நிற்பதே மேல் என்பது எங்கள் எண்ணம். தாய் இழந்த பேரைப் பிறகு எடுக்கலாம். எட்டாம் வகுப்பில் நின்ற பிள்ளையைத் திரும்ப உட்கார வைப்பது எவ்வளவு பாடு என்று எங்களுக்குத் தெரியும்.

தகப்பன்மார்களே, இனி உங்களிடம். கவ்வாத்து, புல்லு வெட்டு, மருந்தடிப்பு, உரம் போடுதல் என்று உங்கள் வேலை பல நாட்களில் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கு முடிந்துவிடுகிறது. கொழுந்து எடுக்கிற பெண்கள் மாலை நிறுவை முடிந்து வீடு வர ஐந்தைத் தாண்டும். நடுவில் மூன்று மணித்தியாலம் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் ஒரு தம்பி பகல் இரண்டு மணிக்கு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளைக்காம்பிராவில் இருந்து வருவார். முதல் கிழமை லயத்தில் எல்லாரும் கேலி செய்தார்கள். "என்னடா, நீயும் ஆயம்மாவா?" என்றார்கள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு பேர் அப்படி வரத் தொடங்கினார்கள். அந்த மூன்று வீட்டிலும் தாய்மார் வேலையை விடவில்லை. பெண் மலைக்குப் போக வேண்டுமா என்று கேட்கிற வீட்டில், ஆண் இரண்டு மணிக்குப் பிறகு எங்கே போகிறார் என்றும் கேட்கலாம்.

நிற்பதென்றால் எப்படி நிற்பது

எல்லாம் பேசி, சில காலம் வீட்டில் நிற்பது என்று முடிவு செய்தீர்கள் என்று வைப்போம். நல்லது. ஆனால் சும்மா நின்றுவிடாதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டு நில்லுங்கள்.

ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். 4 வருடமும் 8 மாதமும் வேலை செய்தவர். பிரசவ லீவு முடிந்ததும் திரும்பிப் போகவில்லை, ஒரு கடிதமும் கொடுக்கவில்லை. தானாக வேலையை விட்டவர் என்று செக்ரோலில் பேரை வெட்டிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வந்து கேட்டபோது புதிதாகப் பேர் பதிந்தார்கள். பழைய சேமலாபக் காசு எங்கும் போகவில்லை, அது வட்டியோடு அவர் பேரில்தான் இருக்கிறது. ஆனால் சர்வீஸ் காசு? 5 வருடம் முழுசாக இல்லை, ஆகவே அந்தப் பழைய காலத்திற்கு ஒன்றும் இல்லை. இன்னும் 4 மாதம் வேலை செய்துவிட்டு நின்றிருந்தால் 70 நாள் சம்பளம் கிடைத்திருக்கும். நாங்கள் கணக்குப் போட்டுச் சொன்னபோது அவர் அழவில்லை. "நாலு மாசம்தானே, யாராவது சொல்லியிருந்தா புள்ளையக் கட்டிக்கிட்டாவது போயிருப்பேனே" என்றார். அவருக்குச் சொல்லாதது எங்கள் குற்றமும்தான்.

ஆகவே முதலில் உங்கள் சேவைக்காலத்தை எண்ணுங்கள். 5 வருடத்துக்குக் கிட்டே இருக்கிறீர்களா என்று பாருங்கள். பிரசவ லீவு சேவையை முறிக்காது. அதற்குப் பிறகும் சம்பளமில்லா லீவு வேண்டும் என்றால், எத்தனை மாதம், ஏன் என்று தேதி போட்டுத் துரைக்கு எழுதிக் கொடுங்கள். அந்த லீவைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அது நிர்வாகத்தின் கையில்தான். ஆனால் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிய லீவு வேறு, சொல்லாமல் நின்றது வேறு. கடிதத்தின் பிரதி ஒன்றை, ஆபிசில் வாங்கிக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கி, பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

வேலையை முழுசாகவே விடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம், ஆண்களுக்கு 55. கல்யாணத்தைக் காரணம் காட்டி வேலையை விடும் பெண், கல்யாணமாகி 5 வருடத்துக்குள் அந்தக் காசை எடுக்க இடம் இருக்கிறது. இடம் இருக்கிறது என்பதற்காக எடுக்கத்தான் வேண்டும் என்று இல்லை. டி.வி.யும் சோபாவும் வாங்கி முடிந்த சேமலாபக் காசை நிறையப் பார்த்துவிட்டோம். 50 வயதில் முட்டி வலியோடு உட்காரும்போது அந்த டி.வி. சோறு போடாது. மற்றது பேர். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர் என்று இருந்தால் காசு எடுக்கிற நேரம் அலைய வேண்டி வரும். 'லெட்சுமி' என்று ஒன்றிலும் 'லக்ஷ்மி' என்று ஒன்றிலும் இருந்தால்கூடச் சிக்கல்தான். வேலையில் இருக்கும்போதே ஆபிசில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் நின்றுகொண்டு கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறவர்களும், தேயிலைத் துண்டைப் பிரித்து வாங்கிப் பார்க்கிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். பிள்ளை உள்ள தாய்க்கு அது வசதிதான், நேரம் அவர் கையில். ஆனால் அந்தக் காசுக்குச் சேமலாபம் விழுகிறதா இல்லையா என்பதைத் தொடங்குமுன்பே கேளுங்கள். கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மேலே போட்ட 50,000 ரூபாய்க் கணக்கு அங்கேயும் வருகிறது.

வீட்டில் நிற்கிற தாயின் கையில் மாதம் எவ்வளவு காசு இருக்கும் என்பதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். மலைக்குப் போனபோது, சம்பளத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் கணவன் கையில் கொடுத்த பெண்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வேலையும் இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒரு பனடோல் வாங்கவும் கை நீட்ட வேண்டி வரும். தாயின் பேரில் ஒரு வங்கிப் புத்தகம் இருக்கட்டும், நின்றாலும் போனாலும்.

ஓ.எல்., ஏ.எல். படித்துவிட்டு பாலர் பாடசாலை ஆசிரியையாகவோ, டவுனில் கடையிலோ, கார்மெண்டிலோ வேலை செய்கிற தங்கச்சிமாருக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி வருகிறது. அங்கே பிள்ளைக்காம்பிரா இல்லை, போக வர பஸ் நேரமும் இருக்கிறது. அவர்களுக்குத் தனியாக ஒரு பாடம் எழுத வேண்டும். வெளிநாடு போகிற தாய்மாரின் கதையும் அப்படித்தான், இந்த இரண்டு பக்கத்துக்குள் அடங்காது.

கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்திருந்த தங்கச்சியை விட்டுவிட்டோம். அன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு ஆபிசுக்குப் போனோம். நல்ல காலம், வேலைக்கு வராமல் ஐந்து கிழமைதான் ஆகியிருந்தது, பேர் இன்னும் வெட்டப்படவில்லை. பிள்ளையின் எடை அட்டையைக் காட்டி, இன்னும் இரண்டரை மாதம் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார். துரை கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒன்றரை மாதம் கொடுத்தார். மிச்சம் ஒரு மாதத்தை மாமியும் கணவரும் பங்கு போட்டுப் பார்த்தார்கள். இப்போது அவர் மலைக்குப் போகிறார். போன நிறுவையில் பார்த்தபோது, "காலுதான் மிஸ் வலிக்குது, பழக்கம் விட்டுப் போச்சு" என்றார்.

வீட்டில் செய்து பாருங்கள்: கடைசிச் சம்பளச் சீட்டை எடுத்து, அதில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது, சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது, உங்கள் அங்கத்துவ இலக்கம் என்ன என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிடித்த தொகையோடு அதன் அரைவாசியைக் கூட்டினால் தோட்டம் போட வேண்டிய 12 வீதம் வரும். வேலைக்குச் சேர்ந்த தேதியைக் கேட்டு அதற்குக் கீழே எழுதுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், எடை அட்டையில் கடைசி மூன்று மாதக் கோடு ஏறுகிறதா, படுத்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள், சேர்ந்து கணக்குப் போடலாம். மாமியும் வரலாம். கணவரைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். பகல் இரண்டு மணிக்குப் பிறகு என்றால் அவருக்கும் வசதிதான்.